முதல் இரண்டு நிமிடங்கள்

கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பாடத்திலிருந்து ஜாடிச் சோதனையை, ஆறு ஜாடி நீரில் வெவ்வேறு அளவு மருந்து விட்டு அழுக்கு திரண்டு இறங்குவதைப் பார்க்கும் சோதனையை, எடுத்துவிட்டார்கள். நான் ஓய்வுபெறும் அதே தவணையில் அது நடந்தது. இனிமேல் மாணவர்கள் ஒரு காணொளியைப் பார்ப்பார்கள், பிறகு கணினியில் ஒரு மாதிரியை ஓட்டுவார்கள். சோதனைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போகிறது, ஆய்வுக்கூடம் நாறுகிறது, மாதிரிநீரைக் கொண்டுவருவதில் பாதுகாப்புச் சிக்கல் இருக்கிறது என்று கூட்டத்தில் காரணம் சொன்னார்கள். கழிவுநீர் நாறத்தான் செய்யும். அந்த நாற்றத்துக்கு அருகே ஒரு பிற்பகல் நிற்க முடியாத ஒருவர் நாளை ஒரு நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக இருக்கப்போகிறார் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் மொன்றியலுக்கு வந்தது நீர்வளப் பொறியியல் படிக்க. ஆறில்லாத ஊரில் பிறந்தவனுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கை ஆற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம், ஆனையிறவு, வடமராட்சிக் கடல்நீரேரிகளை நன்னீராக்கும் கனவு, எங்கள் வீடுகளில் பேசப்பட்ட விஷயம். அதைப் படித்துத் திரும்பிப் போய்ச் செய்துமுடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் நீர்வளத்தைப் படிக்கப் படிக்க வேறொன்று உறைத்தது. எங்கள் வளவில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே சுண்ணாம்புக் கல்லில்தான் இறங்கியிருந்தன. குழியிலிருந்து ஊறுவதும் தோட்டத்து யூரியாவும் சேர்ந்து, குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. நீர் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கைவிட, அதில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி எனக்குப் பெரிதாகிவிட்டது. பாடத்தை மாற்றிக்கொண்டேன்.

மொன்றியல் அதற்கு ஏற்ற இடம். மொன்றியல் தீவின் கழிவுநீர் முழுவதும் நிலத்தடிச் சேகரிப்புச் சுரங்கங்கள் வழியாகக் கிழக்கு முனைக்கு வருகிறது. அங்கே, றிவியேர்-தே-பிறேரியில், ழான்-ஆர்.-மார்கோத் நிலையம் இருக்கிறது. 1984இல் வடக்குச் சுரங்கத்தோடு தொடங்கியது. தெற்குப் பகுதி முழுவதும் இணைய 1990களின் நடு ஆகிவிட்டது. அதற்கு முன்னர் இந்த மாநகரின் மலமும் தொழிற்சாலைக் கழிவும் பெரும்பாலும் அப்படியே ஆற்றில் போய்க்கொண்டிருந்தன. இன்று சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் கன மீற்றர் வருகிறது. அடைமழையிலும் பனி உருகும் காலத்திலும் 76 லட்சம் வரை ஏற்கும். தீவின் பெரும்பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய் என்பதால் அவ்வளவு பெரிய வித்தியாசம்.

இந்த நிலையத்தில் நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்னவைக்கும் செயலூட்டச் சேறு இல்லை. காற்றூட்டும் தொட்டி இல்லை. பெரிக் குளோரைட்டு அல்லது படிகாரம், பிறகு பொலிமர், பிறகு படிவுத்தொட்டி, அவ்வளவுதான். எஸ்.வி.ஐ., எம்.எல்.எஸ்.எஸ். என்று அந்தச் சேற்றின் அளவீடுகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். அரைகுறைச் சுத்திகரிப்பு என்று சொல்பவர்களும் உண்டு. பெரிய வற்றாத ஆற்றின் கரையில், பெரிய பாய்ச்சலுக்கு, பொசுபரசையும் தொங்கல் திண்மங்களையும் முதலில் பிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு எடுத்த முடிவு அது. ஹொங்கொங்கின் ஸ்டோன்கட்டர்ஸ் தீவு நிலையமும் இதே வழியில்தான் இயங்குகிறது. கிருமிகளை இது கொல்லாது, உண்மை. அதற்கான ஓசோன் திட்டம் 2008இல் அறிவிக்கப்பட்டு ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போனதும் உண்மை, எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் இருக்கும் முறையை இழிவாகப் பேசுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்யும் நிலையத்தில் அவை உங்கள் தவறுகளில் பாதியைப் பொறுத்துக்கொள்ளும். இரசாயனத்தை மட்டும் நம்பிய நிலையத்தில் அந்தத் தயவு கிடையாது. வரும் நீர் மணிக்கு மணி மாறும். நீங்கள் அதை அறிந்திருக்க வேண்டும். அறிய இருக்கும் வழி ஜாடி.

எனக்கு ஜாடியைப் பார்க்கக் கற்றுத்தந்தவர் பேராசிரியர் அல்லர். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்பவியலாளர், கியூபெக் பிரெஞ்சுக்காரர். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் காகித ஆலையில் நெடுங்காலம் வேலை செய்தவர். காகித ஆலையிலும் இதே படிகாரமும் இதே பொலிமரும்தான். நாரைப் பிடித்துவைக்க அங்கே பயன்படுத்துவார்கள். பட்டம் இல்லாதவர் என்பதால் சில பேராசிரியர்கள் அவரை ஓர் உதவியாளராகவே நடத்தினார்கள். நாங்கள் அவரை ‘முசியே’ என்று மட்டும் அழைப்போம். அவருடைய பிரெஞ்சு எனக்கு முதல் குளிர்காலம் முழுவதும் பாதிதான் விளங்கியது. கை எப்படி அசைந்தது என்பதைப் பார்த்தே மீதியைப் படித்தேன்.

அவரிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. கலங்கல்மானியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஆறு ஜாடியிலும் கண்டதைச் சொற்களில் எழுதிக் காட்டினால்தான் திறப்பு வெளியே வரும். எந்த ஜாடியில் முதலில் திரள் தெரிந்தது, எத்தனையாவது செக்கனில், எவ்வளவு பெரிது, உருண்டையா பஞ்சா, திரள்களுக்கு இடையே உள்ள நீர் தெளிவா பால்நிறமா என்று எழுத வேண்டும். ‘நல்லாயிருக்கு’ என்று எழுதினால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். இடையில் இருக்கும் நீர்தான் முக்கியம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் அர்த்தம் வெகுநாள் கழித்தே விளங்கியது. பெரிய திரளைக் கண்டு எல்லாரும் மகிழ்ந்துபோவார்கள். இடைநீர் பால்நிறமாக இருந்தால் துகள்களின் மின்னேற்றம் நடுநிலையாகவில்லை, பெரிய திரள்கள் அவற்றை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் இறங்கப்போகின்றன என்று பொருள். கலங்கல்மானி ஓர் எண்ணைத்தான் தரும். அந்த எண் ஏன் அப்படி வந்தது என்பது இடைநீரில் இருக்கிறது.

மருந்து விடுவதிலும் அவருக்கு ஒழுங்கு உண்டு. ஆறு ஊசிக்குழலும் ஒரே நேரத்தில் காலியாக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் ஆறு வெவ்வேறு சோதனைகள் செய்ததாகும். துடுப்புக்கு அருகே, சுழல் இழுக்கும் இடத்தில் விட வேண்டும். கண்ணாடிச் சுவரில் வழியவிடக் கூடாது. அலுமினியம் நீரோடு சேர்ந்து நீராற்பகுப்படைவது ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு செக்கனில் நன்றாகக் கலக்காதது பிறகு அரைமணி நேரம் கலக்கினாலும் கலக்காது. மருந்து சரியான அளவில் விழுந்தால், கொதிக்கும் சொதியில் தேசிக்காய்ப்புளி விட்டதும் பால் திரைவதுபோல, ஒரு கணத்தில் நீரின் தோற்றம் மாறும். அதன்பிறகு வேகத்தைக் குறைக்க வேண்டும், அதையும் படிப்படியாக. படிகாரத் திரள் ஒருமுறை உடைந்தால் முன்போல முழுதாகச் சேராது. கலங்கிய கிணற்றுநீரில் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிட்டு, பிறகு குடத்தை ஆட்டாமல் வைத்த எங்கள் ஊர்க் கிழவிகள் இந்த இரண்டு விஷயத்தையும், விரைந்து கலக்குவதையும் பிறகு அசைக்காதிருப்பதையும், தங்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது குளிர். வெப்ப நாட்டில் படித்தவர்களுக்கு இது மனதில் ஏறுவதில்லை. நீரின் பாகுத்தன்மை 30 பாகை செல்சியசில் 0.80 மில்லிபாஸ்கல்-செக்கன், 20 பாகையில் 1.00, 5 பாகையில் 1.52. ஸ்டோக்ஸ் விதிப்படி, யாழ்ப்பாணத்து வெப்பத்தில் ஒரு துகள் இறங்கும் தூரத்தை அதே துகள் இங்கே உருகுபனி நீரில் கடக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அது மட்டுமில்லை. காம்ப், ஸ்டைன் இருவரும் 1943இல் தந்த திசைவேகச் சாய்வுச் சூத்திரத்திலும் பாகுத்தன்மை இருக்கிறது. குளிர்ந்த நீரில் அதே துடுப்பு வேகம் அதே கலக்கத்தைத் தராது. திரளும் சிறிதாக, ஊசிமுனை அளவில், நின்றுவிடும். எவ்வளவு காத்திருந்தாலும் வளராது.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் இந்த நகரத்தில் என்ன நடக்கிறதென்று வெளியார் யோசிப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் தெருக்களிலிருந்து அள்ளிய பனியில் ஒரு பகுதி சாக்கடைக்குள் திறக்கும் பனிக்குழிகளில் கொட்டப்படுகிறது. இன்னொரு பெரும்பகுதி சென்-மிஷேல் பகுதியின் பிராங்கோன் கற்குழியில் மலையாகக் குவிகிறது. அதில் தெருவுப்பு, மணல், எண்ணெய், நாய்க்கழிவு எல்லாம் உண்டு. அது உருகிச் சாக்கடைக்கு வரும் நாட்களில் நீர் குளிரும், நீர்த்துப்போகும், காரத்தன்மை குறையும், பாய்ச்சல் மட்டும் பல மடங்காகும். ஜனவரியில் வேலை செய்த மருந்தளவு அப்போது உதவாது. முசியே எங்களை அந்த வாரங்களில்தான் சோதனை செய்யவைப்பார். மாதிரிநீர் ஆய்வுக்கூடத்தில் கிடந்து சூடாகிவிடக் கூடாது என்று ஜாடிகளைப் பனிக்கட்டித் தொட்டிக்குள் இறக்கி, சன்னலையும் திறந்துவைப்பார். ஜாடியின் வெளிப்புறம் ஈரம் படிந்து உள்ளே ஒன்றும் தெரியாது, ஒருவர் துணியோடு நின்று துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் விறைக்கும். இரவுமுழுக்க மேசையில் வைத்த நீரில் செய்த சோதனை அழகான முடிவு தரும். அது வேறொரு நீரைப் பற்றிய முடிவு. சூடேறும்போது குளிர்நீரில் கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியேறித் திரளில் ஒட்டிக்கொள்ளும், இறங்க வேண்டியது மிதக்கத் தொடங்கும். பொலிமரைக் குற்றம் சொல்லி வேறு பொலிமர் வாங்கிய கதைகளை நான் அறிவேன்.

அவரிடம் கற்றதில் நான் இன்றும் பொக்கிஷமாக நினைப்பது கடைசிப் படி. துடுப்பை நிறுத்தி, அரைமணி நேரம் படியவிட்டு, மேல்நீரை எடுத்து அளக்கச் சொல்கின்றன பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள். குடிநீருக்கு எழுதிய குறிப்பு அது. ஜாடியின் குழாய் நீர்மட்டத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது. பத்து நிமிடத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில் இறங்கும் துகள்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது நாளுக்கு 14.4 மீற்றர் மேற்பரப்புப் பளு. இரண்டு நிமிடத்தில் எடுத்தால் 72 மீற்றர். இரசாயனம் சேர்த்த முதனிலைப் படிவுத்தொட்டி உச்சப் பாய்ச்சலில் இயங்குவது இரண்டாவது எண்ணுக்கு அருகில். அரைமணி நேரம் காத்திருந்து எடுத்த தெளிந்த நீர் அந்தத் தொட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. முதல் இரண்டு நிமிடத்தில் இறங்காதது ஆற்றுக்குப் போகும். ஆகவே முசியே துடுப்பு நின்ற ஒரு நிமிடத்திலும் இரண்டு நிமிடத்திலும் எடுக்கச் சொல்வார், குழாயில் தேங்கியிருந்ததை முதலில் வெளியே விட்டுவிட்டு. ஆறு ஜாடிக்கு ஒருவர் போதாது. இருவர் ஓடியோடி எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பாடப்புத்தகத்திலிருந்து தாங்களாகவே எடுத்துச்சொன்ன மாணவர்களை நான் அபூர்வமாகத்தான் சந்தித்திருக்கிறேன்.

கணினி மாதிரிகளை நான் வெறுப்பவன் அல்லன். பயோவின், ஜி.பி.எஸ்.-எக்ஸ் இரண்டும் ஒன்ராறியோவின் ஹமில்ரனில் உருவானவை. 1987இல் வந்த முதலாவது செயலூட்டச் சேற்று மாதிரியின் வழிவந்தவை. நைதரசன் எங்கே போகிறது, ஒட்சிசன் எவ்வளவு வேண்டும் என்பதை அவை சொல்லும் திறமை பெரிது. ஆனால் முதனிலைப் படிவுத்தொட்டியின் படத்தை எளிய மாதிரியில் திறந்து பாருங்கள். திண்மங்களில் எத்தனை சதவீதம் நீங்கும் என்று அது உங்களிடம் கேட்கும். நீங்கள் எண்பது என்று தட்டினால் எண்பது நீங்கும். ஐம்பது என்றால் ஐம்பது. மருந்து கலக்கியது சரியா, நீர் குளிர்ந்திருந்ததா என்பதையெல்லாம் அந்தப் பெட்டி அறியாது. அந்த எண்ணை யாரோ ஒருவர் ஜாடி பார்த்துக் கொண்டுவர வேண்டும். ஜாடியை எடுத்துவிட்டு மாதிரியை மட்டும் வைத்தால், விடையைத் தட்டிவிட்டு விடை வந்தது என்று கொண்டாடப் பழக்குகிறோம்.

அண்மைக் காலத்தில் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நல்ல மாணவர்கள் முதுகலைக்கு வருகிறார்கள். கெட்டிக்காரர்கள், கணக்கில் பிழை விடமாட்டார்கள். அவர்களில் ஒருவர் பனிக்கட்டித் தொட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “சார், ஓவர்ஃப்ளோ ரேட்டுக்கு மெட்காஃப் அண்ட் எடி புக்குல டேபிளே இருக்கு சார். எக்ஸெல்ல போட்டா ரெண்டு நிமிஷம்.”

“அந்த டேபிளை ஆரோ ஒருத்தர் தண்ணியைப் பாத்துத்தானே தம்பி எழுதினவர். அவர் பாத்த தண்ணி எத்தனை பாகை எண்டு அதில போட்டிருக்கோ?” என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை, அந்தப் பிற்பகல் முழுவதும் நின்று துடைத்தார். மரியாதைக்காக நின்றாரா, ஆர்வத்தில் நின்றாரா என்பதை நான் கேட்கவில்லை. அவருக்கு அடுத்த ஆண்டு வந்தவர்களுக்கு நிற்கும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

இந்தத் தொழிலுக்கு நம்மவரிடையே கிடைக்கும் மதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலியாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்பார்கள். கழிவுநீர் என்றதும் பேச்சை மாற்றுவார்கள். ‘அதுக்கோ இவ்வளவு படிச்சது?’ என்று என் தாயாரிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தச் சுளிப்பு எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாண நகரில் வாளிக் கக்கூஸ்கள் இருந்த காலத்தில், விடியுமுன் வந்து அவற்றைச் சுமந்து சென்றவர்களின் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாதென்று வளர்க்கப்பட்டோம். இந்தியாவில் மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 2013இலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகும் சாக்கடைக் குழிகளுக்குள் மனிதர்கள் இறங்கிச் சாகிறார்கள். மலத்தைத் தொடுவது இழிவு, தொடுபவர் இழிந்தவர் என்ற எண்ணம் கனடாவுக்கும் விமானத்தில் வந்திருக்கிறது. படித்த ஒருவர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு கழிவுநீருக்குள் கைவிடும்போது அந்த எண்ணத்தில் ஒரு கீறலாவது விழுகிறது என்று நான் நம்புகிறேன். மாணவர்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டால் அந்தக் கீறலும் இல்லை. யாரோ ஒருவர் தொடுவார், நாம் எண்களைப் பார்ப்போம் என்ற பழைய ஏற்பாடு புதிய உடையில் திரும்பிவிடுகிறது.

வெள்ளையரும் இந்தத் தொழிலை நினைத்துப்பார்த்ததில்லை. 2015 நவம்பரில் தென்கிழக்குச் சுரங்கத்தைத் திருத்துவதற்காக மாநகரம் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் சென் லோறன்ஸ் ஆற்றில் திறந்துவிட்டபோதுதான் இப்படியொரு சுரங்கம் இருப்பதே ஊருக்குத் தெரிந்தது. எண்ணூறு கோடி லீற்றர் போகும் என்று திட்டமிட்டு, நான்கு நாளுக்குள் வேலை முடிந்து, 490 கோடி லீற்றரோடு நின்றது. அந்த நிலையத்துக்கு வரும் ஏறத்தாழ இரண்டு நாள் பாய்ச்சல் அது. மாநகர முதல்வர் டெனிஸ் கொடேர் உலகச் செய்தியானார். ரொறன்ரோவிலிருந்து உறவினர் தொலைபேசி எடுத்து, தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டார்கள். 1984க்கு முன் அவ்வளவும் ஒவ்வொரு இரண்டு நாளும் போய்க்கொண்டிருந்ததென்று நான் சொன்னபோது, ஒருவரும் நம்பவில்லை. அந்த வாரம் கழிந்ததும் கேள்விகளும் நின்றுவிட்டன. பெருமழையில் சாக்கடை நிரம்பி வழிவதைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் எவரும் கேட்டதில்லை, அது இன்றும் நடக்கிறது.

கனடா மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதி, வெளியேறும் நீரில் தொங்கல் திண்மம் சராசரியாக லீற்றருக்கு 25 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்கிறது. ஓசோன் வரும்போது இந்த எண் இன்னும் முக்கியமாகும், ஏனென்றால் இறங்காமல் போன திண்மம் ஓசோனைத் தின்றுவிடும். மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் கெர்ரும் அவருடைய குழுவினரும் இரசாயனம் சேர்த்து முதனிலைச் சுத்திகரிப்புச் செய்த நீரில் பெரசெற்றிக் அமிலம், புறஊதா, ஓசோன் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வை என் மாணவர் எல்லாரையும் வாசிக்கவைத்திருக்கிறேன். கிருமிநீக்கத்தின் செலவு முந்திய படியில் என்ன நடந்தது என்பதில் தங்கியிருக்கிறது. முந்திய படி ஜாடியில் தொடங்குகிறது.

ஆறு துடுப்புக் கலக்கியைக் களஞ்சியத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது நன்றாக வேலை செய்கிறது. முசியேயின் செய்முறையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதி, அதோடு கட்டிவைத்திருக்கிறேன். பொலிமர்த் தூளை மீன்கண் போன்ற கட்டிகள் விழாமல் எப்படித் தூவுவது, கரைசலை எவ்வளவு நேரம் முதிரவிடுவது, ஜாடியை எந்தத் துணியால் துடைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பாடத்தை எடுத்து நடத்தும் இளம் பேராசிரியரிடம் ஒரேயொரு பிற்பகல் கேட்டிருக்கிறேன். அடுத்த தவணையில் இடமிருந்தால் பார்க்கலாம் என்றார். அடுத்த தவணை செப்டெம்பரில் தொடங்கி டிசம்பரில் முடியும். அதில் பனி உருகாது.